தொங்கும் சக்கரத்துக்கு ஒரு விதிவிலக்கு

அப்பாவின் சைக்கிள் கடை மலாக்காவில் காஜா பேராங் சாலையில், தவுக்கே எனப்படும் சீன முதலாளி ஒருவர் புதிதாகக் கட்டிய பத்துக் கடை வரிசையின் கடைசியில் இருக்கிறது. புக்கிட் ரம்பாய் பக்கமிருந்து ஊருக்குள் வருகிறவர்களுக்கு அதுதான் முதல் கடை. அதற்கு முன்னால் பதினோரு வருடங்கள் அப்பா அதே இடத்தில், சாலையோரத்து அங்சானா மரத்தடியில் உட்கார்ந்துதான் சைக்கிள் பழுது பார்த்தார். ஒரு மரப்பெட்டி, காற்றடிக்கும் பம்பு, டியூபில் ஓட்டை கண்டுபிடிக்க ஒரு தகரச் சட்டித் தண்ணீர். வேறொன்றும் கிடையாது. மழை வந்தால் பெட்டியை மூடிவிட்டுப் பக்கத்திலேயே இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்.

தவுக்கே கட்டிய கடைகளில் கடைசிக் கடைக்கு மட்டும் ஆள் வரவில்லை. சாலை அங்கேதான் வளைகிறது, மரமும் அங்கேதான் நிற்கிறது. அதனால் அது மற்றவற்றைவிட மலிவாகக் கிடைத்தது. அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு மரத்தடியிலிருந்து பத்தடி நடந்து கடைக்குள் போனார். அம்மா வாசலில் தேங்காய் உடைத்தார். தவுக்கே பத்துக் கடைக்கும் ஒரே அளவில் வெள்ளைப் பலகை அடித்துக் கொடுத்திருந்தார். எங்கள் பலகையில் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியது நான். எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. அந்த எழுத்துகளை நிமிர்ந்து பார்க்காமல் நான் ஒரு நாளும் கடையைக் கடந்ததில்லை.

ஆனால் மூன்று மாதமாகியும் கடைக்குக் கூட்டம் வரவில்லை. மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது அப்பாவே விளம்பரமாக இருந்தார். கடைக்குள் போனதும் அவர் மறைந்துவிட்டார். தோட்டத்து ஆட்கள் டயர் தேய்ந்த சைக்கிளை மிதித்துக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டி ஊர்ச் சந்தைவரை போய் அங்கே பழுது பார்த்தார்கள். "பேசாம மரத்தடிக்கே போயிடுங்களேன்" என்று அம்மா சொல்ல ஆரம்பித்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் நாட்டுக்குச் சுதந்திரம், மெர்டேக்கா, வந்தது. சாலை முழுக்கக் கொடி. அப்பா முன்தூணில் இரும்புக் குழாய் ஒன்றைச் சாலைப் பக்கம் நீட்டிப் பொருத்தி, அதில் கொடியைக் கட்டினார். கொண்டாட்டம் முடிந்ததும் கொடியை மடித்து அம்மாவின் டிரங்குப் பெட்டியில் வைத்தோம். குழாய் அப்படியே நின்றது. அப்பா அதை ஒரு வாரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு பழைய சைக்கிள் வளையத்துக்கு இரண்டு பக்கமும் தகரம் அடித்து, பச்சை வண்ணம் பூசி, அதன்மேல் வெள்ளையில் ஒரு சைக்கிள் படம் வரைந்து, குழாயில் தொங்கவிட்டார்.

"இதுல எழுத்து வேணாமாப்பா?" என்று கேட்டேன்.

"அங்க மேல எழுதியிருக்கியேம்மா, அது உன்னைப் போல படிச்சவங்களுக்கு. இது என்னைப் போல ஆளுக்கு."

எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அந்த வாரமே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். காற்றடித்தால் சக்கரம் மெதுவாக ஆடும். மரக்கிளைகளைத் தாண்டி அது சாலைப் பக்கம் நீண்டிருந்ததால் வளைவுக்கு அப்பால் வருகிறவர்களுக்கும் தெரிந்தது. இரண்டு மாதத்தில் அம்மா மரத்தடிப் பேச்சை விட்டுவிட்டார்.

அதன்பின் முனிசிபல் ஆபீசிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. புதிய கடை வரிசைகளில் ஒவ்வொரு கடைக்கும் ஒரே பலகைதான் இருக்கலாம், அது கடை முன்னாலுள்ள அஞ்சடி நடைபாதைக்கு மேலே சுவரோடு தட்டையாக இருக்க வேண்டும், எதுவும் சாலைப் பக்கம் நீண்டு தொங்கக் கூடாது, பதினான்கு நாட்களுக்குள் அகற்றவும் என்று எழுதியிருந்தது.

"சர்க்காரு சொன்னா சரிதான். கழட்டிப்புடுங்க" என்றார் அம்மா.

அப்பா நாற்காலியில் ஏறி, சக்கரம் தொங்கும் கொக்கிக்கு எண்ணெய் விட்டார். சக்கரம் போனால் கடையும் போய்விடும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"நான் எழுதுறேன்ப்பா" என்றேன்.

நான் அப்போது கான்வெண்டில் சீனியர் கேம்பிரிட்ஜ் தேறி, புக்கிட் ரம்பாய்க்குப் போகும் வழியில் ஒரு தோட்டப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். தினமும் சைக்கிளில் போய் வருவேன். எனக்குத் தெரிந்த பெரிய ஆங்கிலச் சொற்களையெல்லாம் ஒன்றுவிடாமல் அந்தக் கடிதத்தில் இறக்கினேன். புதிய நாட்டின் கொடியைத் தாங்கிய குழாய் அது என்று எழுதினேன். பெண்டஹாரா சாலைத் துணிக்கடைகளில் தொங்காத பலகை உண்டா என்று கேட்டேன். விதி ஏழைக்கு ஒன்று, பணக்காரனுக்கு ஒன்று என்று இருக்கலாமா என்றும் கேட்டேன். எழுதி முடித்ததும் வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்து ஆங்கிலத்திலேயே உரக்க வாசித்தேன். அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். நாங்கள் மக்சிக் என்று அழைக்கும் பக்கத்து வீட்டு அம்மாளும் வந்து உட்கார்ந்துகொண்டார். அவர் மலாக்காச் செட்டிக் குடும்பம். சாமிக்குப் படைப்பதிலெல்லாம் எங்களைவிடக் கறார். ஆனால் பேச்சு அவர்களுடைய மலாய்தான். தமிழில் பத்துச் சொல் தேறாது. அவருக்கும் ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் முடிந்ததும் தொடையில் தட்டி, "பாண்டாய்! பாண்டாய்!" என்று என் கெட்டிக்காரத்தனத்தை மெச்சினார்.

என்ன எழுதியிருக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பத்து நாளில் பதில் வந்தது. என் இரண்டு பக்கத்துக்கு அவர்கள் நான்கு வரி எழுதியிருந்தார்கள். விதியை மாற்ற இந்த அலுவலகத்துக்கு அதிகாரமில்லை. கடை அமைந்திருக்கும் இடத்தினாலேயே, மற்றக் கடைகளுக்கு இல்லாத சிரமம் இந்தக் கடைக்கு இருக்குமானால் மட்டும் விதிவிலக்கு பரிசீலிக்கப்படும். அப்படியிருந்தால் விவரம் எழுதவும். அதுவரை கெடு ஒரு மாதம் நீட்டிக்கப்படுகிறது.

கொடியைப் பற்றியும் ஏழையைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. எனக்கு முகம் சுட்டது. வீட்டில் "இன்னும் ஒரு மாசம் குடுத்திருக்காங்க" என்று மட்டும் சொன்னேன். "பார்த்தியா, என் பொண்ணு எழுத்துக்கு ஒரு மாசம்!" என்று அப்பா சந்தோஷப்பட்டது இன்னும் மோசமாக இருந்தது.

இரண்டு நாள் அந்தக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டே பள்ளிக்குப் போனேன். மூன்றாம் நாள் திரும்பி வரும்போது என் எழுத்துகளைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம் என்று வளைவிலேயே தலையைத் தூக்கினேன். அங்சானாவின் தாழ்ந்த கிளைகள்தான் தெரிந்தன. மிதித்துக்கொண்டே வந்தேன். இன்னும் கிளைகள்தான். மரத்தைத் தாண்டி, கிட்டத்தட்டக் கடை வாசலுக்கே வந்த பிறகுதான் வெள்ளைப் பலகை தலைக்குமேல் தெரிந்தது. அதற்குள் சைக்கிள் தன் வேகத்தில் கடையைக் கடந்துவிட்டது. இத்தனை மாதம் நான் அந்தப் பலகையை இறங்கி நின்றுதான் ரசித்திருக்கிறேன். ஓடுகிற சைக்கிளிலிருந்து பார்த்ததே இல்லை.

மறுநாள் விடிந்ததும் கடையிலிருந்து ஒரு சக்கரத்தை எடுத்து, டயரில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, சாலையில் உருட்டிக்கொண்டே சுற்றுகளை எண்ணினேன். ஒரு சுற்று ஏழடி நான்கு அங்குலம். தட்டைப் பலகை கண்ணில் படும் இடத்திலிருந்து கடை வாசல்வரை மூன்று சுற்று. தொங்கும் சக்கரம் கண்ணில் படும் இடத்திலிருந்து நாற்பது சுற்று. மக்சிக் வாசலில் நின்று, படித்த பெண் இந்த வயதில் சக்கரம் உருட்டி விளையாடுகிறாளே என்று மலாயில் கேலி செய்தார்.

"என்னாம்மா செய்யுறே?" என்று அப்பா கேட்டார்.

"ஆபீசுக்கு அளவு வேணும்ப்பா."

"சாலை அளவு அவங்களுக்குத் தெரியாதாமா?" என்று சொல்லிவிட்டு அவர் பல் விளக்கப் போய்விட்டார்.

இரண்டாவது கடிதம் ஒரே பக்கம். பெரிய சொற்கள் இல்லை. சாலை வளைவு, மரம், கிளைகளின் உயரம், மூன்று சுற்று, நாற்பது சுற்று. கூடவே ஒரு வரைபடம். மற்ற ஒன்பது கடைகளுக்கு முன்னால் மரமில்லை என்பதையும் எழுதினேன். அதையும் வீட்டில் ஆங்கிலத்தில் வாசித்தேன். முதல் கடிதம் அளவுக்குக் கம்பீரமாக இல்லை என்று அம்மா கருதினார்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அதிகாரி ஒருவர் இடத்தைப் பார்வையிட வருவார்.

"யாரோ துவான் வர்றாராம்ப்பா. நம்ம இடத்தைப் பார்க்கணுமாம்" என்றேன்.

"நம்ம கடைக்கா? துவானா?" அப்பா எழுந்தே நின்றுவிட்டார்.

வியாழக்கிழமை தலைமையாசிரியரிடம் இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு புறப்பட்டேன். வளைவுக்கு வந்ததும் தூரத்தில் ஒரு வெள்ளைப் பலகை பளிச்சென்று தெரிந்தது. என் எழுத்துகள் எத்தனை அழகாக இருக்கின்றன என்று ஒரு நொடி பூரித்துப்போனேன். அடுத்த நொடி பிரேக்கைப் பிடித்தேன். நாற்பது சுற்றுக்கு அப்பாலிருந்து நான் அதைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அங்சானா மரம் இறகு உரித்த கோழிபோல நின்றது. சாலைப் பக்கத்துக் கிளைகள் ஒன்றுகூட இல்லை. அடிமரத்துக்கு இடுப்பளவு சுண்ணாம்பு. நடைபாதையில் அம்மாவின் கோலம். தட்டைப் பலகையின்மேல் மாவிலைத் தோரணம். தொங்கும் சக்கரம் குழாயில் இல்லை. வெட்டிய கிளைகளைக் கடைக்குப் பக்கத்தில் குவித்துக்கொண்டிருந்த மக்சிக், கையில் பாராங் கத்தியோடு நிமிர்ந்து, "சுவா பெர்சி!" என்றார். எல்லாம் சுத்தமாகிவிட்டது என்று அவருக்கு அவ்வளவு பெருமை.

"யாரு மரத்தை வெட்டச் சொன்னது?" என்று கத்தினேன்.

"மெதுவா பேசு" என்றார் அம்மா. "பெரிய மனுசன் வர்ற வழி. தலையில கிளை இடிக்கலாமா?"

"சக்கரம் எங்கப்பா?"

"உள்ள வச்சிருக்கேன். வேணாம்னு சொன்னதையே அவர் மூஞ்சிக்கு நேரா தொங்கவிட்டா நல்லாவா இருக்கும்? வந்து உக்காந்து டீ குடிக்கட்டும், அப்புறம் கேட்டுக்கலாம்."

"ஐயோ அப்பா! மரம் மறைக்குதுன்னுதானே எழுதியிருக்கேன்! அதைப் பார்க்கத்தானே அவர் வர்றாரு!"

அப்பா கையிலிருந்த துணியை மெதுவாக மடித்தார். "மரத்தைப் பத்தி எழுதியிருக்கேன்னு நீ சொல்லலியேம்மா."

"நான்தான் வாசிச்சேனே!"

"இங்கிலீசுல வாசிச்சே."

அதற்குள் மக்சிக், "துவான் சுவா சம்பாய்!" என்று அவர் வந்துவிட்டதைக் கிசுகிசுத்துப் பாராங்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். காக்கி அரைக்கால் சட்டையும் தொப்பியுமாக ஒரு மலாய்க்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார். நடுத்தர வயது. ஹாண்டில்பாரில் ஒரு கோப்பு. கோலத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வந்தார். கோப்பைத் திறந்து என் வரைபடத்தைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். மறுபடியும் வரைபடத்தைப் பார்த்தார்.

"இந்தக் கிளையெல்லாம் எங்கே?" என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

கடையின் பக்கத்தில் இருந்த குவியலைக் காட்டினேன்.

"எப்போது?"

"இன்று காலை."

"இது முனிசிபல் மரம், தெரியுமா?"

கேட்க வந்த விதிவிலக்கு போகட்டும், இப்போது புதிதாக ஒரு குற்றம் சேர்ந்துவிட்டது. அப்பாவுக்கு ஆங்கிலம் புரியவில்லை. ஆனால் அதிகாரியின் விரல் மரத்தை நோக்கி நீண்டது புரிந்தது. முன்னால் வந்து, தன் கடைத்தெரு மலாயில், வெட்டியது நான்தான் துவான் என்றார்.

"ஏன் அண்ணே?" அதிகாரியும் மலாய்க்கு மாறினார். "உங்கள் மகள் இந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறாள் என்று தெரியுமா?"

தெரியாது என்று அப்பா தலையாட்டினார். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு, என் கடிதத்தை வரி வரியாக மலாயில் சொன்னார். வளைவு. மரம். மூன்று சுற்று. நாற்பது சுற்று. அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சுற்றுக் கணக்கு வந்தபோது மட்டும் என் பக்கம் திரும்பி, "சக்கரத்தை உருட்டியா அளந்தே? நல்ல யோசனைம்மா" என்றார். நான் தரையைப் பார்த்தேன். என் கடிதத்தை அவர் முதல்முறையாகப் புரிந்து கேட்டது ஒரு வெளியாளிடமிருந்து.

"இப்போது நான் என்ன எழுதட்டும்?" என்றார் அதிகாரி. "கிளை மறைக்கிறது என்று இங்கே இருக்கிறது. கிளையே இல்லை."

அதற்குப் பதில் சொன்னது மக்சிக். பாராங்கைப் போட்டுவிட்டு, குவியலிலிருந்து ஒரு பெரிய கிளையை இழுத்து, அதைத் துணி காயப்போடும் மூங்கிலில் கட்டினார். இதிலென்ன கஷ்டம், எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்தால் போயிற்று என்று மலாயில் சொல்லிக்கொண்டே மூங்கிலைத் தூக்கிப் பிடித்தார். இலைகள் இன்னும் வாடவில்லை. அப்பா அவரையே பார்த்தார். பிறகு ஏணியை மரத்தில் சாய்த்து, இன்னொரு கிளையோடு மேலே ஏறினார்.

"நீயும் நாற்காலியில ஏறு" என்று ஏணியிலிருந்து அம்மாவுக்குக் குரல் கொடுத்தார்.

"ஊரே பார்க்குது!" என்றார் அம்மா.

"பார்க்கட்டும்லா. பார்க்கத்தானே பலகை!"

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கிளையோடு நாற்காலியில் ஏறினார். "இன்னும் தாழ்த்துங்க, மக்சிக் இடது பக்கம்" என்று நான் வரைபடத்தை வைத்துக்கொண்டு மரத்தை மறுபடி உருவாக்கினேன். அடுத்த கடைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். அதிகாரி சைக்கிளில் ஏறி வளைவுக்குப் போனார். அங்கிருந்து திரும்பி, சாதாரணமாக ஊருக்குள் போகிற ஆளைப்போல மிதித்து வந்தார். எங்கள் வாசலைத் தாண்டி இரண்டு கடை தள்ளிப்போய்த்தான் பிரேக் பிடித்தார்.

"இன்னொரு முறை. அந்தச் சக்கரத்தை மாட்டு" என்றார்.

நான் ஓடிப்போய்ச் சக்கரத்தைக் கொண்டுவந்து மாட்டினேன். அவர் மறுபடி வளைவுக்குப் போனார். மக்சிக் மூங்கிலைத் தோளில் சாய்த்துக்கொண்டார். அம்மா தலையெல்லாம் இலை. இந்த முறை அவர் வளைவிலேயே மணியடித்துவிட்டார்.

கிளைகளையெல்லாம் இறக்கிய பிறகு அவர் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பில் ஏதோ எழுதினார். நடுவில் பேனாவை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அம்மா கொடுத்த தேநீரையும் மக்சிக் கொடுத்த குவேப் பலகாரத்தையும் சாப்பிட்டார். மரத்தை இனிமேல் தொட்டால் நிச்சயம் அபராதம் என்று அப்பாவிடம் சொன்னார். மற்றபடி, தான் பார்த்ததை எழுதுவதுதான் தன் வேலை, முடிவு மேலிடத்தில் என்றார். புறப்படும்போது அவருடைய சைக்கிள் சங்கிலி கறகறவென்றது. அப்பாவுக்குக் கை பரபரத்தது. எண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு ஒரு அடி வைத்தார்.

"இன்றைக்கு வேண்டாம் அண்ணே" என்றார் அவர். "கடிதம் வந்த பிறகு வருகிறேன், காசு கொடுத்து."

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அதை நான் ஆங்கிலத்தில் வாசிக்கவில்லை. கடையில் அப்பாவுக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். ஒரு வரி முடிந்ததும் அப்பா அதைத் திருப்பிச் சொல்வார், பிறகுதான் அடுத்த வரி. இந்த ஒரு கடைக்கு மட்டும், அதன் இடத்தை முன்னிட்டு, தொங்கும் பலகை ஒன்று வைத்துக்கொள்ள அனுமதி. அதன் அடிப்பாகம் தரையிலிருந்து ஒன்பதடிக்குக் கீழே வரக் கூடாது. சாலைப் பக்கம் மூன்றடிக்குமேல் நீளக் கூடாது. ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். மரம் பலகையை மறைக்கும் நிலையில் இருக்கும்வரை மட்டுமே அனுமதி செல்லும். கடைக்காரரோ அவரைச் சேர்ந்தவர்களோ மரத்தை வெட்டக் கூடாது.

"மரம் இருக்கிற வரைக்கும் சக்கரம்" என்றார் அப்பா.

"கிளை மறைக்கிற வரைக்கும்ப்பா."

"ஆமா, மறைக்கிற வரைக்கும்." எழுந்துபோய், டியூப் முக்கும் சட்டியிலிருந்த தண்ணீரை மரத்தடியில் ஊற்றிவிட்டு வந்தார்.

அதிகாரி சொன்னபடி வந்தார், சங்கிலி மாற்றினார், காசு கொடுத்தார். இரண்டு முறை நான் புதுப்பிக்க எழுதியாகிவிட்டது. இரண்டையும் முதலில் தமிழில் சொல்லி, அப்பா சொல்கிற திருத்தங்களைச் சேர்த்துக்கொண்டுதான் ஆங்கிலத்தில் எழுதினேன். ஒன்றில், கிளைகள் இப்போது முன்பைவிட அரை முழம் தாழ்ந்திருப்பதையும் சேர்க்கச் சொன்னார். அளந்தபோது அது உண்மையாகவே இருந்தது.

போன மாதம் சனிக்கிழமை நான் கடையில் இருந்தபோது, மரக்கிளைகளைக் கழிக்கிற முனிசிபல் ஆட்கள் லாரியோடு வந்தார்கள். வரிசையாக ஒவ்வொரு மரமாகக் கழித்துக்கொண்டு எங்கள் மரத்தடிக்கு வந்து ஏணியைச் சாய்த்தார்கள். அப்பா கையில் ஸ்பானரோடு வெளியே ஓடினார். நான் கடிதத்தைத் தேடி மேசை இழுப்பறையைத் திறந்தேன். அதற்குள் அப்பாவின் குரல் கேட்டது. லாரி மேஸ்திரி தமிழர். அவருக்கு எதிரே நின்று, ஒன்பதடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு நிபந்தனையாக, நான் சொன்ன அதே சொற்களில், அதே வரிசையில் அப்பா ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

"நாங்க கடைக்காரன் இல்லியே அண்ணே, நாங்க வெட்டலாம்தானே?" என்றார் மேஸ்திரி.

"வெட்டலாம். வெட்டிட்டு, மறைக்கிற மாதிரி நீங்களே கிளையைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. நாங்க ஒரு தடவை நின்னு பார்த்தாச்சு, கை வலிக்கும்."

மேஸ்திரி அண்ணாந்து கிளையைப் பார்த்தார், அதற்கு அப்பால் ஆடிக்கொண்டிருந்த சக்கரத்தைப் பார்த்தார். சாலை நடுவில் நீண்டிருந்த நுனிகளை மட்டும் கழிக்கச் சொல்லிவிட்டு லாரியை அடுத்த மரத்துக்கு நகர்த்தினார். நான் கடிதத்தை மறுபடி இழுப்பறையில் வைத்தேன்.